ஏறும்போதே ஓடிவிடும் குதிரை: பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட்டின் மறுபயிற்சி

பந்தயத்திலிருந்து ரைடிங் பள்ளிக்கு வரும் தரோபிரெட்கள் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் குதிரை இனம்) மேல் எழும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏறும்போது நிற்பதில்லை. லகானை இழுத்தால் வேகம் கூடுகிறது. விலாவில் கால் பட்டால் துள்ளுகிறது. கர்த் (சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்றுப் பட்டை) இறுக்கினால் கடிக்க வருகிறது. "திமிர் பிடித்த குதிரை", "சுழி சரியில்லை" என்று இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். சுழியை விட்டுவிடுவோம். இந்த நான்கு புகாருக்கும் காரணம் எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் சரிசெய்வது என்பதுதான் இந்த ஆய்வு.

கீழே வருவது ஒரு தனிக் குதிரையின் சரித்திரம் அல்ல. இந்த வகைக் குதிரைகளில் திரும்பத் திரும்பக் காண்பதை ஒரே மாதிரிக் குதிரையாக ஆக்கி எழுதியிருக்கிறது. அளவுகள் எல்லாம் 460 கிலோ எடைக்குக் கணக்கிட்டவை. அவரவர் குதிரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

குதிரை

ஆறு வயது. காயடித்த ஆண். செம்பழுப்பு நிறம், 16 ஹேண்ட் உயரம், அதாவது ஏறத்தாழ 163 செ.மீ. இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, வேகம் போதவில்லை என்று விற்கப்பட்டது. தசைநாண் காயம் இல்லை, மூட்டு வீக்கம் இல்லை. வாங்கிய பள்ளி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். லாரியில் வந்து இறங்கிய அடுத்த வாரமே சேணம் போட்டு மாணவர்களை ஏற்றியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஆள் ஏறி ஓட்டிய குதிரைதானே, புதிதாக என்ன கற்றுத்தர வேண்டும் என்ற கணக்கு. இரண்டு மாணவர்கள் விழுந்தார்கள். பிறகு பிட்டை (வாய்க்குள் போகும் கடிவாள இரும்பு) மாற்றினார்கள், வாய்க்கட்டை இறுக்கினார்கள், கடைசியில் முள் வைத்த கடிவாளம் வரை பேச்சுப் போனது. முள் கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகளே தடைசெய்கின்றன என்பது ஒரு பக்கம். வாய் வலித்தால் குதிரை வலியிலிருந்து தப்பி ஓடத்தான் பார்க்கும் என்பது இன்னொரு பக்கம். இந்த நிலையில்தான் குதிரையை மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பந்தயம் சொல்லிக்கொடுத்தது

இந்தக் குதிரைக்குப் பயிற்சி இல்லை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அதற்கு மிக நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், வேறொரு வேலைக்கு.

பந்தய லாயத்தில் ஜாக்கி ஏறுகட்டையில் நின்று ஏறுவதில்லை. சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) குதிரையை நடத்திக்கொண்டே இருப்பார்; இன்னொருவர் ஜாக்கியின் முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார். குதிரை நின்றிருந்தாலும் ஜாக்கி முதுகில் உட்கார்ந்த கணம் கிளம்பிவிடும். நான்கு வருடம் தினமும் இப்படி நடந்தால் "முதுகில் எடை விழுந்தால் நட" என்பது குதிரைக்குப் பாடமாகவே பதிந்துவிடும். பள்ளியில் அது கிளம்பியது கீழ்ப்படியாமையால் அல்ல, கீழ்ப்படிந்ததால்.

லகான் கதை இன்னும் முக்கியம். கேலப்பில், அதாவது முழுவேக ஓட்டத்தில், ஜாக்கி இரண்டு லகானையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலம் போலப் பிடித்துக் குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்வார். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்து ஓடும். பிடி இறுக இறுக அதற்கு ஓட வாகு கிடைக்கிறது. பந்தயம் முடிந்ததும் ஜாக்கி அங்கவடியில் எழுந்து நின்று கையைத் தளர்த்துவார். குதிரை தானே தணியும். ஆக, இந்தக் குதிரையின் மனதில் இறுக்கிய லகான் என்றால் ஓட்டம், தளர்ந்த லகான் என்றால் தணிவு.

கால்? ஜாக்கியின் அங்கவடி மிகக் குட்டை. முழங்கால் குதிரையின் தோள்மேட்டு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) பக்கம் இருக்கும், கெண்டைக்கால் விலாவைத் தொடுவதே அபூர்வம். நீளமான அங்கவடியில் தொங்கும் காலை இந்தக் குதிரை உணர்ந்ததே இல்லை.

இப்போது பயந்த ஒரு மாணவர் என்ன செய்வார் என்று பாருங்கள். முன்னால் குனிவார். லகானைக் குட்டையாக்கி இறுக்கிப் பிடிப்பார். முழங்காலால் கவ்வுவார். மூன்றும் ஜாக்கியின் உட்காரும் முறை. மாணவர் நில் என்று கெஞ்சிக்கொண்டிருக்க, அவர் உடம்பு ஓடு என்று கட்டளையிடுகிறது. குதிரை ஓடுகிறது. பிட்டை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. லகானுக்கும் காலுக்கும் முதுகெடைக்கும் குதிரை வைத்திருக்கும் பொருளையே மாற்ற வேண்டும். அதை முதுகில் உட்கார்ந்து மாற்றுவது ஆபத்து, தரையில் நின்று மாற்றுவது எளிது.

பந்தயம் நல்லதும் செய்திருக்கிறது. குளிப்பாட்ட நிற்கும், லாடக்காரருக்குக் கால் கொடுக்கும், லாரியில் ஏறும், கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மிரளாது. நாட்டுக் குதிரைக் குட்டியை முதலிலிருந்து பழக்குபவர் மாதக்கணக்கில் செய்வதில் பாதி இங்கே முடிந்த வேலை.

பயிற்சிக்கு முன் மருத்துவர்

கர்த் இறுக்கும்போது கடிப்பதைப் பயிற்சிக் குறையாக எடுத்துக்கொள்வதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு இடங்கள்: பல், முதுகு, குளம்பு, வயிறு.

பல்லில், மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சிறு ஓநாய்ப்பல் இருந்தது; பிட் அதில்தான் இடித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் எடுத்துவிட்டார். கடைவாய்ப் பற்களின் கூர்விளிம்புகளை ராவினார்கள். புண் ஆறும்வரை பிட் கிடையாது. முதுகில், தோள்மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தசை வற்றிக் குழி விழுந்திருந்தது, அழுத்தினால் தாழ்ந்தது. குளம்பில் பந்தய அலுமினிய லாடம். முனை நீண்டு குதி தாழ்ந்திருந்தது. இதை ஒரே தடவையில் செதுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் நொண்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று நான்கு லாடத்தில்தான் கோணம் திரும்பும்.

வயிற்றுக்கு வருவோம். குதிரையின் வயிறு நாள் முழுக்க அமிலம் சுரக்கும். மெல்லும்போது வரும் உமிழ்நீர்தான் அதைத் தணிக்கும். தானியத்தைக் கூட்டிப் புல்லைக் குறைத்து, வெறும் வயிற்றில் ஓடவிட்டால் அமிலம் தெறித்து வயிற்றின் மேல்பகுதியைப் புண்ணாக்கும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு. உறுதிசெய்ய மூன்று மீட்டர் நீள எண்டோஸ்கோப் வேண்டும். இங்கே மருத்துவர் எழுதிக்கொடுத்தது குதிரைகளுக்கான ஒமெப்ரசோல் பேஸ்ட், கிலோவுக்கு 4 மி.கி. வீதம் நாளுக்கு ஒருமுறை, 28 நாள். 460 கிலோவுக்கு 1,840 மி.கி. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தீவனம். மனிதர் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் மேல்பூச்சு உடைந்து மருந்து அமிலத்திலேயே சிதைந்துவிடும். காசுக்குப் பிடித்த கேடு.

தீவனம் இதைவிடப் பெரிய மாற்றம். வந்தபோது நாளுக்கு 6 கிலோ ஓட்ஸ், வேகவைத்த கொள்ளு, மேலே தவிடு. ஓட்ஸை இரண்டு வாரத்தில் படிப்படியாக 2 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். உலர்புல் உடல் எடையில் 2 சதவீதம், ஏறத்தாழ 9 கிலோ, நான்கு வேளையாக. சேணம் போடுவதற்கு அரை மணி முன்பு இரண்டு கை நிறையக் குதிரைமசால். வயிற்றில் கிடக்கும் நார் அமிலம் தெறிப்பதைத் தடுக்கும், அதிலுள்ள கால்சியம் அமிலத்தைத் தணிக்கும்.

தமிழ்நாட்டில் அதிகம் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பசும்புல் என்றால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் கைக்குக் கிடைக்கும். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரைக்குச் சேராது. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். இரண்டையும் சேர்த்து வருடக்கணக்கில் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகவெலும்பு புடைத்து, இடம் மாறி மாறி நொண்டும். கால்சியம், பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். தவிட்டை நிறுத்தி, நேப்பியரைப் பாதியாக்கி, குதிரைமசாலைக் கூட்டியதில் இந்தக் கணக்கு நேரானது. உப்பு நாளுக்கு 40 கிராம் தனியாக.

பிறகு எட்டு வாரம் வேலையே இல்லை. பகலில் நிழல் உள்ள பட்டியில் இன்னொரு சாதுவான குதிரையோடு விட்டார்கள். பள்ளிக்காரர்களுக்கு இது வீண்செலவாகத் தெரியும். புண் ஆறவும், தினம் ஒரு கேலப்புக்குத் தயாராக இருந்த உடம்பு தணியவும் இந்தக் காலம் வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள் பயிற்சியின்போது இதைவிட அதிக நாளைச் செலவழிப்பார்கள்.

தரையில்: ஒரு அடி பின்னால்

சாமான்கள்: மூக்குப் பட்டை அகலமான கேவ்சன் (பிட் இல்லாத தலைக்கட்டு), மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறு, 10 மீட்டர் லஞ்ச் கயிறு (குதிரையை நம்மைச் சுற்றி வட்டமாக ஓட்டும் கயிறு), 1.2 மீட்டர் நீளமுள்ள மெல்லிய சாட்டை (தட்டிக் காட்ட மட்டும்), கையுறை, தலைக்கவசம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போகும். தரையில் மணல் ஐந்து முதல் எட்டு செ.மீ. போதும். கடற்கரை மணல் மாதிரி ஆழமாக இருந்தால் தசைநாணுக்குக் கேடு.

முதல் பாடம் பின்னால் ஒரு அடி. குதிரையின் இடப்பக்கம் முகம் பார்த்து நின்று, கேவ்சனிலிருந்து கயிற்றை மார்பை நோக்கி மெல்ல அழுத்த வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அழுத்தத்தை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குதிரை தலையைத் தூக்கும், பக்கவாட்டில் திருப்பும், கயிற்றை எதிர்த்துத் தள்ளும். அப்போதெல்லாம் அழுத்தம் அப்படியே இருக்கட்டும். ஒரு கட்டத்தில் மார்புத் தசை சுருங்கி எடை பின்னங்காலுக்குப் போகும். முன்னங்காலின் குளம்பு முனையில் மணல் லேசாகக் கலையும். அந்தக் கணம், கால் இன்னும் முழுதாகத் தூக்கும் முன், கை முற்றிலும் தளர வேண்டும். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, அது நீங்கும் கணத்திலிருந்து. அரை நொடி தாமதித்தால் அடுத்து செய்த காரியத்துக்குப் பரிசு போய்விடும். தலையைத் தூக்கிய நேரத்தில் தளர்த்தினால் தலையைத் தூக்கக் கற்றுக்கொள்ளும். "எவ்வளவு செய்தும் தலையைத் தூக்குகிறது" என்று வரும் குதிரைகளில் பாதி இப்படி ஆனவைதான்.

மூன்று தடவை சரியாக வந்தால் நிறுத்திவிட்டு நடத்த வேண்டும். அடுத்த நாள் அழுத்தம் பாதியாகும். ஒரு வாரத்தில் கயிறு லேசாக அசைந்தாலே ஒரு அடி பின்னால் போகும்.

இதன் மேல்தான் "நிற்பது" கட்டப்படுகிறது. நிறுத்திய இடத்தில் நான்கு காலும் இருக்க, பயிற்றுநர் ஒரு அடி விலகுகிறார். குதிரை முன்னால் வந்தால் திட்டு இல்லை, அடி இல்லை. எந்தக் கால் நகர்ந்ததோ அதைப் பழைய இடத்துக்கே பின்னால் அனுப்புவது மட்டும். முதலில் இரண்டு நொடி, பிறகு பத்து, பிறகு கயிற்றின் முனை வரை விலகிச் சுற்றி வருவது. கடைசியில் பக்கத்தில் குடத்தை உருட்டினாலும் நிற்க வேண்டும். ஏறும்போது நிற்காத குதிரைக்கு இதுதான் மருந்து. ஏறுகட்டை இதற்குள் வரவே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அடுத்து பின்பகுதியை விலக்குவது, தோளை விலக்குவது. இவற்றில் சொல்லத் தனியாக ஒன்றும் இல்லை. அதே அழுத்தம், அதே விடுவிப்பு.

விலாவில் காலின் தொடுகைக்குப் பழக்கியது கொஞ்சம் வேலை வாங்கியது. அங்கவடியைத் தொங்கவிட்டு ஆட்டினால் குதிரை முன்னால் பாய்ந்தது. வழக்கமாகச் செய்வது, அது களைத்து நிற்கும் வரை ஆட்டிக்கொண்டே இருப்பது. அப்படி நின்ற குதிரை பழகிவிட்டதா, செயலற்றுப் போய்விட்டதா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். செயலற்றுப்போனது ஒருநாள் வெடிக்கும். இங்கே செய்தது வேறு. அங்கவடி மெல்ல ஆட, அதே நேரத்தில் கயிற்றால் ஒரு அடி பின்னால், ஒரு அடி முன்னால் என்று கேட்டார்கள். நன்றாகத் தெரிந்த பாடத்துக்குப் பதில் சொல்லும் குதிரைக்கு அங்கவடி மேல் கவனம் போகாது. பதில் லேசாக வரும்வரை ஆட்டத்தின் அளவைக் கூட்டவில்லை.

இரண்டு நம்பிக்கைகள் பற்றி ஒரு வார்த்தை. குதிரை உதட்டை நக்கி மென்றால் "புரிந்துகொண்டது" என்பார்கள். பதற்றம் வடியும்போதும் அதைத்தான் செய்யும். அதை வைத்து அடுத்த படிக்குப் போகக் கூடாது. வட்டப்பட்டியில் விரட்டி, களைத்து நம்மிடம் வரவைப்பதும் இந்த வகைக் குதிரைக்கு ஆகாது. ஓடுவதில் ஏற்கெனவே தேர்ந்ததை மேலும் ஓடவைத்துப் பயிற்சி கொடுப்பதில் என்ன லாபம்?

லஞ்சிங், நீண்ட லகான்

லஞ்சிங் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், மொத்தம் 15 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி. வட்டம் சிறுத்தால் உள்பக்கக் காலுக்குச் சுமை. முதல் நாட்களில் டிராட் (மெல்லோட்டம்) கேட்டால் கேண்டரும் (அதைவிட வேகமான பாய்ச்சல்), கேண்டரை அடக்கினால் கேலப்பும் வந்தது. அதனால் நடையிலேயே நிறுத்தி, வாக்–நில்–வாக் என்று மட்டும் ஒரு வாரம். குரல் கட்டளைகள் ஓசையில் விலகி இருக்க வேண்டும்: நீட்டித் தாழ்த்திய "ஹோ...", எழுப்பிச் சொல்லும் "டிராட்!". லாயத்தில் எல்லோரும் அதே சொல்லை அதே தொனியில் சொன்னால்தான் பயன்.

வாய்ப்புண் ஆறியதும் பிட் வந்தது: இரண்டு மூட்டுள்ள சாதாரண ஸ்நாஃபிள், 14 மி.மீ. தடிமன், உதட்டின் இரு பக்கமும் 5 மி.மீ. வெளியே தெரியும் அகலம். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் புக வேண்டும். வாயைக் கட்டிப்போட்டால் குதிரையின் மறுப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும், மறுப்பு போகாது.

லகானின் பொருள் மாறியது நீண்ட லகானில்தான். தலா 8 மீட்டர் இரண்டு கயிறு; பிட்டிலிருந்து, கீழே கட்டிவைத்த அங்கவடிகள் வழியாகப் பின்னால் வரும். பயிற்றுநர் உதை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நடக்கிறார். முதல் நாள் நின்ற நிலையில் மட்டும்: இரண்டு லகானிலும் லேசான அழுத்தம், ஒரு அடி பின்னால் போனதும் முழுத் தளர்வு. கேவ்சனில் கற்றது இங்கே அப்படியே மாறிவந்தது. புதிய பாடமே இல்லை. பிறகு நடையில் அழுத்தம், நிற்பதற்கு ஐந்து ஆறு அடி ஆனது. சில நாளில் மூன்று, பிறகு இரண்டு. இரண்டு அடிக்குள் நிற்காத குதிரை டிராட்டுக்குப் போகக் கூடாது. டிராட்டிலிருந்து வாக் மூன்று அடிக்குள் வராவிட்டால் ஆள் ஏறக் கூடாது. இந்த அளவுகோலை மாற்ற முடியாத விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது. காலண்டரைப் பார்த்துப் படி ஏற்றுபவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

சேணமும் ஏறுகட்டையும்

தசை வற்றிய தோள்மேட்டுக்கு அகலமான சேணம் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து எலும்பில் இறங்கும். ஆள் உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி, முதுகெலும்பின் மேல் நீள வாட்டில் வெளிச்சம் தெரியும் வழி: இரண்டும் வேண்டும். தசை ஏற ஏற அளவு மாறும். மாதம் ஒருமுறை பார்க்காவிட்டால் முதல் மாதம் பொருந்திய சேணம் மூன்றாம் மாதம் கிள்ளும். கர்த்தை ஒரே மூச்சில் இறுக்காமல் முதல் துளை, பத்து அடி நடை, அடுத்த துளை, மீண்டும் நடை. வயிற்றுப் புண் ஆறிய பிறகும் காதை மடக்கிப் பல்லைக் காட்டுவது சில வாரம் தொடர்ந்தது. வலி போனாலும் வலிக்கும் என்ற எதிர்பார்ப்பு போகக் கொஞ்ச காலமாகும். அதற்காக அடித்தால் எதிர்பார்ப்பு உறுதியாகிவிடும்.

ஏறுகட்டை 70 செ.மீ. உயரம், ஆடாதது. ஏறுபவர் சேணத்தோடு சேர்த்து 70 கிலோவுக்குள். உடல் எடையில் 20 சதவீதம் என்ற மேல்வரம்பு 92 கிலோ வரும். முதுகில் தசை இல்லாத குதிரைக்கு 15 சதவீதமே போதும்.

குதிரை கட்டை அருகில் நிற்கிறது. ஏறுபவர் கட்டையில் ஏறி இறங்குகிறார். பிறகு ஏறிச் சேணத்தைத் தட்டுகிறார். பிறகு அங்கவடியில் கை எடை, பிறகு கால் எடை, பிறகு வயிற்றை வைத்துக் குறுக்காகப் படுத்தல், பிறகு காலை வீசி மெல்ல உட்கார்தல். எந்தப் படியில் குதிரை நகர்ந்தாலும் ஏறுபவர் இறங்குகிறார், தரையில் நிற்பவர் கால்களைப் பழைய இடத்துக்கு அனுப்புகிறார், முந்தைய படியிலிருந்து மறுபடி. தலையை இறுக்கிப் பிடித்து நிறுத்தக் கூடாது. பிடித்தால் நிற்கும், விட்டால் போகும். உட்கார்ந்ததும் உடனே நடத்தவும் கூடாது. உட்கார்ந்து, கழுத்தைத் தடவி, அப்படியே இறங்கிவிட வேண்டும். எடை விழுந்தால் கிளம்ப வேண்டும் என்ற பழைய பாடம் இப்படித்தான் தேயும். பிறகும் பல வாரம், ஏறி இருபது எண்ணிய பிறகே முதல் அடி.

முதுகில்

முதல் ரைடிங் லஞ்ச் கயிற்றில். கட்டளை தரையிலிருந்து, ஏறியவர் வெறும் சுமை. பிறகு கட்டளை மெல்ல முதுகுக்கு மாறுகிறது. முதலில் ஏறியவரின் லகான், உடனே தரையிலிருந்து "ஹோ". சில நாளில் குரல் தேவைப்படாது. கால் கட்டளைக்கு லேசாகக் கெண்டைக்கால் அழுத்தம், பதில் வராவிட்டால் சாட்டையால் மெல்லிய தட்டல், அடி எடுத்த கணம் இரண்டும் நிற்கும். லகானும் காலும் ஒரே நேரத்தில் கூடாது. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்த மாதிரி குதிரை ஒன்றையும் கேட்காமல் போகும்.

ஏறியவர் நிமிர்ந்து உட்காருவதை இங்கே பயிற்சியின் பாதி என்றே சொல்ல வேண்டும். குதிரை வேகமெடுக்கும்போது குனியாமல், லகானை ஒரே பிடியாகப் பிடித்துத் தொங்காமல், அழுத்தி–தளர்த்தி–அழுத்தி கேட்க வேண்டும். தொங்கினால் அது சாய்ந்து ஓடப் பழைய வாகு கிடைத்துவிடும். ஒற்றை லகானை இழுத்துத் திருப்பி நிறுத்தும் உத்தி நடையிலும் மெல்லிய டிராட்டிலும் சரி. கேண்டரில் வெடுக்கென்று திருப்பினால் குதிரை கால் இடறி ஆளோடு விழும்.

சென்னை வெயிலில் வேலை காலை ஏழரைக்குள் முடிந்தாக வேண்டும். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்தும் மூச்சு நாடியைத் தாண்டி ஓடினால் வெப்பம் வெளியேறவில்லை. கடலோர ஈரக்காற்றில் சில தரோபிரெட்களுக்கு வியர்ப்பதே நின்றுபோகும்: மயிர் காய்ந்திருக்கும், மூக்குத் துவாரம் விரிந்திருக்கும், உடம்பு கொதிக்கும். அப்படியிருந்தால் வேலையை நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும். சூடான உடம்பில் தண்ணீர் பட்டால் குதிரை பிடித்துக்கொள்ளும் என்பது லாயங்களில் இன்றும் சொல்வது. ஊற்றாமல் விட்டதால்தான் குதிரைகள் செத்திருக்கின்றன.

கேண்டரில் சறுக்கியது

வாக், டிராட் இரண்டும் வட்டத்திலும் நேர்கோட்டிலும் கைக்கு வந்த பிறகு, திறந்த திடலில் முதல் கேண்டர். இருபது முப்பது அடி நன்றாக வந்தது. பின்னாலிருந்து இன்னொரு குதிரை டிராட்டில் கடந்தது. இது பாய்ந்து, திடலின் மறுமுனை வேலி வரை நிற்கவில்லை. ஏறியவர் விழவில்லை, ஆனால் அந்த ஒரு ஓட்டத்தில் ஒரு மாத வேலை பின்னால் போனது.

அன்றைய பதிவேட்டைப் பார்த்தால் காரணம் ஒன்றல்ல என்று தெரியும். முந்தைய இரண்டு நாள் மழை, பட்டிக்கு விடவில்லை. "கேண்டருக்குத் தெம்பு வேண்டும்" என்று யாரோ ஓட்ஸை 3 கிலோவாக ஆக்கியிருந்தார்கள். லஞ்சிங் இல்லாமல் நேராக ஏறியது. புதுத் திடல். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் குதிரை தாங்கியிருக்கும். எல்லாம் அடுக்கிய பிறகு பக்கத்தில் ஒரு குதிரை முந்தியது. பந்தயக் குதிரைக்கு அதற்கு ஒரே பொருள்தான்.

சரிசெய்தது கேண்டரைத் திரும்பத் திரும்பச் செய்து அல்ல. முதலில் லஞ்ச் கயிற்றில் கேண்டர்–டிராட் மாற்றங்கள். கேண்டர் ஐந்தாறு அடி மட்டும். அதே நாட்களில் இன்னொரு சாதுவான குதிரையோடு ஜோடியாக வாக்: பக்கத்தில் நடப்பது, அது முந்த இது நிற்பது, இது முந்த அது நிற்பது. ஒவ்வொரு முந்தலுக்கும் முன்பு இதனிடம் ஒரு நிறுத்தம் கேட்டு, லேசாக வந்தால் மட்டும் முந்தவிட்டார்கள். பிறகு அதுவே டிராட்டில். கேண்டரில் முந்துவதை ஒப்படைக்கும்வரை செய்யவே இல்லை. பள்ளித் திடலில் அதற்குத் தேவையும் இல்லை.

இன்னொரு ஓட்டை லாயத்தில் இருந்தது. பயிற்சி நாளுக்கு நாற்பது நிமிடம். மற்ற நேரமெல்லாம் குதிரையை நடத்துவது சைஸ். அவர் தண்ணீர்த் தொட்டிக்கும் பட்டிக்கும் கயிற்றைத் தொடர்ந்து இழுத்தபடியே கூட்டிப்போனார். இது முட்டிக்கொண்டு முன்னால் போகும். காலையில் கற்றது மாலையில் அழிந்துகொண்டிருந்தது. சைஸுக்கு அந்த ஒரு அடிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, கதவைத் தாண்டும் முன் ஒரு நிறுத்தம், ஒரு அடி பின்னால் என்று வழக்கமாக்கியதில் வந்த முன்னேற்றம், திடலில் கூட்டிய எந்தப் பயிற்சியையும்விடப் பெரியது. சம்பளப் பட்டியலில் அவர் எங்கே இருந்தாலும் குதிரைக்கு முதல் பயிற்றுநர் அவர்தான்.

ஒப்படைத்த நிலை

பயிற்சி தொடங்கி ஏழாவது மாதம் குதிரை பள்ளிக்குத் திரும்பியது. ஏறுகட்டையில் லகான் தளர்ந்திருக்க நிற்கிறது. வாக்கிலிருந்து நிற்க இரண்டு அடி, டிராட்டிலிருந்து வாக் மூன்று அடி. கர்த் இறுக்கும்போது காதை லேசாக மடக்கும், கடிக்க வருவதில்லை. வலப்பக்கக் கேண்டர் சமநிலையில். இடப்பக்கம் வட்டத்தின் பாதியில் சமநிலை தவறி, பின்னங்கால் மாற்றிப் போடுகிறது. அதற்குத் தரையில் டிராட் கம்புகள் 1.3 மீட்டர் இடைவெளியில் நான்கு, வாரம் இருமுறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதத்திலும் மாறாவிட்டால் பின்முதுகையும் இடுப்பு மூட்டையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு எழுதிக் கொடுத்த அட்டையில் இன்னும் சில: புது மாணவர் யாரும் இந்த வருடம் இதில் ஏறக் கூடாது, லஞ்ச் கயிற்றில்கூட. ஏறுபவர் லகான் இல்லாமல் டிராட்டில் நிமிர்ந்து உட்காரத் தெரிந்தவராக, 75 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வேலை, ஒரு வேளைக்கு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் லாயத்திலேயே நின்றிருந்தால் மூன்றாம் நாள் லஞ்சிங் மட்டும். ஓட்ஸ் 2 கிலோ. கூட்ட வேண்டுமென்றால் முதலில் புல்லை நிறுத்துப் பார்க்கவும். லாடம் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, சேணத்தின் அளவு மாதம் ஒருமுறை.